ஆரஞ்சு வார்

செங்கொடிக்கும் அன்பரசனுக்கும் இரண்டு வருடக் காதல். இருவருக்கும் எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. உள்ளே நுழைந்தால் கனத்த சேஃப்டி ஷூ, வெளியே வந்தால் அதே ஷூவோடு பஸ். அதனால் அன்பரசன் அவள் பாதத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த ஷூவுக்கு அவள் மனசுக்குள் தினமும் நன்றி சொல்லிக்கொண்டாள்.

காரணம், இந்த வேலைக்கு வருமுன் நாலு வருடம் விடாமல் போட்ட மலிவு ரப்பர் செருப்பு. வார் பட்ட இடமெல்லாம் தோல் வெளுத்து, இரண்டு பாதத்திலும் வாரின் அச்சு அப்படியே விழுந்துவிட்டது. செருப்பைத் தூக்கிப் போட்டாயிற்று. வார் மட்டும் காலை விட்டுப் போகவில்லை. ரப்பரில் கலக்கும் ஏதோ ரசாயனம்தான், தொட்டால் ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊர் வாயை மூட டாக்டரா வரப்போகிறார்?

அன்பரசனின் அம்மா சொக்கம்மாள், பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவரச் சொன்னாள். மறைக்கிறேன் பேர்வழி என்று செங்கொடி முந்தின நாள் காலில் மருதாணி பூசினாள். கறுத்த தோலில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. வெளுத்த இடத்தில் மட்டும் பளிச்சென்று பிடித்து, வெள்ளை வார் ஆரஞ்சு வார் ஆனது.

புளியந்தோப்புக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. சொக்கம்மாள் காலையிலிருந்து இரண்டு தடவை தரையைத் துடைத்திருந்தாள். அன்பரசன் முன்னால் உள்ளே போக, செங்கொடி கால் மூடிய செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே இரண்டு எட்டு வைத்தாள்.

"செருப்ப கயட்டிட்டு வாம்மா."

செங்கொடிக்கு வாய் எழவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அன்பரசனும் அப்போதுதான் அந்தக் காலைப் பார்த்தான். அவனும் செருப்பென்றே நினைத்து, கழற்றச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். சொக்கம்மாளின் முகம் மாறியது. இன்றைக்கே சொன்ன பேச்சு கேட்காதவள் நாளைக்கு என்னை மதிப்பாளா என்று மகனிடம் ஆரம்பித்தாள். இதற்குமேலும் ஊமையாக நின்றால் கல்யாணமே கைவிட்டுப் போகும். செங்கொடி துடைத்த தரையில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டினாள்.

"இத்த கயட்ட முடியாது அத்த. இது என் தோலு."

ரப்பர் செருப்பிலிருந்து மருதாணி வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சொக்கம்மாள் கண்ணாடியைத் தேடி மாட்டி, குனிந்து, அந்த ஆரஞ்சு வாரை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு பெரிதாக மூச்சு விட்டாள்.

"தோலுதானா? நான் திமிருன்னு நென்ச்சி பயந்துட்டேன்."

செங்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது.

"அதுவும் கொஞ்சம் கீது அத்த."