ஆச்சா, ஆகலையா?

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. இதை நான் பெருமையாகச் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். அவரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் அந்தக் கொடுமை புரியும். புதுச் சுடிதார் எப்படி இருக்கிறது என்று கேட்டால், இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, "தோள்கிட்ட சரியா உட்காரல" என்பார். ஒரு வண்டிகூட வராத தெருவில் சிவப்பு விளக்குக்கு நிற்பார். நான் கடந்துபோய் எதிர்ப்பக்கம் நின்று தலையில் அடித்துக்கொள்வேன். கூடப் படித்தவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ரூல்ஸ்'. அப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் குடியேற்ற அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

விஷயம் இதுதான். நான் ஆறு வருடமாக இந்த நாட்டில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். போன வருடம் எனக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. நம் ஆட்கள் வாயில் பி.ஆர். அவர் இங்கே மாணவர் விசாவில் வந்து, தண்ணீர் சுத்திகரிப்பில் மேல்படிப்புப் படிக்கிறார். படிப்பு முடிய எட்டு மாதம் பாக்கி. முடிந்ததும் விசாவும் முடியும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் 'இவர் என் கணவர், இவருக்கும் பி.ஆர். கொடுங்கள்' என்று நான் விண்ணப்பம் போட்டேன். கல்யாணச் சான்றிதழ், வீட்டு ஒப்பந்தம், புகைப்படங்கள் என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் இணைத்தேன். இவ்வளவு கனமான கட்டைப் பார்த்தால் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

படித்திருக்கிறார்கள். ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்கள்.

'உங்கள் திருமணம் பதிவாகி ஏழு வாரம் கழித்து நீங்கள் அனுப்பிய மாணவர் விசா படிவத்தில், மணமாகாதவர் என்று குறித்திருக்கிறீர்கள். இது தவறான தகவலாகத் தெரிகிறது. இருவரும் நேரில் வந்து விளக்கம் தரவும். விளக்கம் ஏற்கப்படாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு இந்த நாட்டுக்கு எந்த விண்ணப்பமும் செய்ய முடியாது.'

ஐந்து வருடம்! அவர் அங்கே, நான் இங்கே. வந்த பயத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் வழக்கம்போல அவர்மேல் காட்டினேன்.

"ஏன் இல்லைன்னு போட்டீங்க? ஊர் உலகத்துக்கே ரூல்ஸ் பேசுறீங்களே, ஒரு கட்டத்துல ஒழுங்கா ஒரு டிக் அடிக்கத் தெரியாதா?"

"அப்ப அப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான். கடிதத்தில் இருந்த 'தவறான தகவல்' என்ற இரண்டு சொற்களை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி கழுவினார்.

எங்கள் கல்யாணம் நடந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பெண் பார்த்துப் பேசி முடித்ததும் எனக்குக் கிடைத்தது பத்து நாள் லீவு. அந்தப் பத்து நாளில் ஒரு முகூர்த்தமும் இல்லை. நல்ல நாள் நான்கு மாதம் தள்ளித்தான் இருந்தது. ஆனால் மருத்துவமனைக் குடியிருப்பில் குடும்ப வீடு வேண்டுமென்றால் திருமணச் சான்றிதழைக் காட்டினால்தான் வரிசையில் பெயரையே எழுதுவார்கள். வரிசையோ ஆறு மாத நீளம். சரி, பதிவை முதலில் முடித்துவிடலாம், தாலி பிறகு என்று இரண்டு வீட்டாரும் பேசி முடிவு செய்தார்கள். பதிவு அலுவலகத்துக்குப் போனோம், கையெழுத்துப் போட்டோம், ஹோட்டலில் டிபன் சாப்பிட்டோம், எங்கள் வீட்டில் ஒரு காபி, அதோடு அவர் தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் விமானம் ஏறி வேலைக்குத் திரும்பினேன். நான்கு மாதம் கழித்து மறுபடி போய்க் கழுத்தை நீட்டினேன். அதற்கு இரண்டு மாதம் கழித்து அவர் மாணவராக இங்கே வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் கல்யாண நாள் என்று இரண்டாவது தேதியைத்தான் சொல்வார்கள். முதல் தேதி எங்களுக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்த்த மாதிரி.

அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்களுக்கு அறிவிருக்கா?" என்றாள் அம்மா. "கையெழுத்துப் போட்டா கல்யாணமா? கூரியர்காரன்கிட்டகூடத்தான் தினம் கையெழுத்துப் போடறோம். மாப்பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்கார். நீ அவரைத் திட்டாத."

"அம்மா, அவங்களுக்குச் சட்டம்தான் கணக்கு."

"அப்ப நானே எழுதித் தரேன். பெத்தவ சொன்னா நம்ப மாட்டாங்களா?"

சொன்னபடியே மூன்று பக்கம் எழுதி அனுப்பினாள். அதை மொழிபெயர்த்துத் தரச் சொன்னது ஒரு மொழிபெயர்ப்பாளரிடம். அந்த மனிதர் திருப்பித் தரும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அவசரத்தில் படித்துப் பார்க்காமலேயே அனுப்பிவிட்டேன். நேரில் போகும் நாள்வரை இருந்த மூன்று வாரமும் எனக்கு எதையும் படிக்கிற பொறுமை இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவரை ஒரு முறை வறுப்பேன், வந்ததும் ஒரு முறை வறுப்பேன். இடையில் ஆய்வகத்தில் முப்பது பேரிடம், "பயப்படாதீங்க, ஒண்ணுமே தெரியாது" என்று கொஞ்சிக் கொஞ்சி ஊசி குத்துவேன். என் பொறுமையெல்லாம் அங்கேயே செலவாகிவிடும்.

நேரில் போக வேண்டிய நாள் வந்தது. ஜன்னல் இல்லாத சின்ன அறை, மூன்று நாற்காலி, ஒரு மேஜை, அதன்மேல் நான் அனுப்பிய கட்டு. எதிரே அதிகாரி, நடுத்தர வயது அம்மா ஒருவர், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி உட்கார்ந்திருந்தார். அவர் பேசியது இந்த நாட்டு மொழி. ஆனால் அன்றைக்கு நான் பட்ட பாட்டில் எல்லாமே தமிழில் கேட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.

முதலில் என் அம்மாவின் கடிதத்தை எடுத்து வாசித்தார். "'பதிவு முடிந்த அன்று மாப்பிள்ளை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். என் மகளை நான் சமையலறையிலேயே இருத்தி வைத்தேன். இருவரும் ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்.'" கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார். "இது உங்க கல்யாணம் உண்மைன்னு காட்டவா, இல்ல பொய்ன்னு காட்டவா?"

ஐயோ அம்மா, உன் பெண்ணின் ஒழுக்கத்தைக் காப்பாற்றப் போய்ப் பெண்ணின் குடும்பத்தையே கவிழ்த்துவிட்டாயே!

"அதையும் விடுங்க" என்று இன்னொரு தாளை எடுத்தார். "மருத்துவமனைக் குடியிருப்புக்கு நீங்க கொடுத்த விண்ணப்பம். 'கணவர் உண்டு'ன்னு போட்டிருக்கீங்க. பதிவு முடிஞ்சு ஒரு வாரத்துல போட்டது. அதே கணவர் ஆறு வாரம் கழிச்சு 'மணமாகாதவர்'னு போட்டிருக்கார். கல்யாணம் உங்களுக்கு மட்டும் ஆகி, அவருக்கு ஆகாம எப்படி இருக்கும்?"

அந்தத் தாளையும் நான்தான் இணைத்திருந்தேன், சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்கு ஆதாரமாக. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

"மேடம், எங்க பக்கம் தாலி கட்டினாத்தான்…" என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் இவரைக் கேட்கிறேன். இவர்தானே கையெழுத்துப் போட்டது."

ரூல்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்ட அன்னைக்கே எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க. என் மனசுல அப்படித்தான். படிவத்துல அந்தக் கேள்வி வந்ததும் 'ஆம்'னுதான் குறிச்சேன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். இது எனக்குப் புதுச் செய்தி.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கலாம்னு இவளுக்குப் போன் பண்ணேன். நமக்குக் கல்யாணம் ஆச்சா, ஆகலையான்னு கேட்டேன். இவ சிரிச்சா. 'ரொம்பக் கனவு காணாதீங்க, அதுக்கு இன்னும் நாள் இருக்கு'ன்னா. அதுக்கப்புறம்தான் 'இல்லை'ன்னு மாத்தினேன்."

"உங்களைப் பார்த்தா சட்டம் தெரியாதவர் மாதிரி இல்லையே" என்றார் அந்த அம்மா. "உங்க மனசுக்கு ஆச்சுன்னு தெரிஞ்சும் ஏன் மாத்தினீங்க?"

"கல்யாணம்கிறது ரெண்டு பேர் சமாசாரம். அதுல ஒருத்தர் இன்னும் ஆகலைன்னு சொல்லும்போது, நான் மட்டும் ஆச்சுன்னு எப்படிங்க எழுதறது? அதுதானே பொய்?"

எனக்கு அந்தப் போன் ஞாபகம் வந்துவிட்டது. ஆய்வக நடைபாதையில் ரத்தக் குப்பிகள் வைத்த தள்ளுவண்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேசினேன். சிரித்தேன். கொஞ்சம் கொழுப்பாகவே சிரித்தேன். பேசி முடிந்த உடனே அதை மறந்தும் போனேன். மூன்று வாரமாக இந்த மனிதரை உப்புப் புளி போட்டு வறுத்தேனே, ஒரு வார்த்தை, 'நீதானே சொன்னே' என்று ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை.

"இது உண்மையா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். "யோசிச்சுச் சொல்லுங்க. நீங்கதான் இவருக்காக விண்ணப்பிச்சவங்க. தப்பா எழுதச் சொன்னது நீங்கதான்னா, அது உங்க கோப்புலயும் ஏறும்."

"யோசிக்க ஒண்ணுமில்ல மேடம். நான்தான் சொன்னேன். வீட்டுக்காக ஆச்சுன்னு எழுதினதும் நான்தான், அவர்கிட்ட ஆகலைன்னு சொன்னதும் நான்தான். அவருக்கு ஆயிடுச்சு. எனக்குத்தான் அது தெரியல. எந்தக் கோப்புல ஏத்தணுமோ ஏத்துங்க. அவரை மட்டும் அனுப்பிடாதீங்க."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். கட்டைத் தூக்கிக்கொண்டு, மேலதிகாரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். கதவு சாத்தியதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல? மூணு வாரமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"நீ திட்டிக்கிட்டே இருந்தே. நடுவுல எங்க சொல்றது?"

"நிறுத்துடின்னு ஒரு அதட்டல் போட்டிருக்கலாம்ல?"

அவர் அதையும் உண்மையாகவே யோசித்தார். "அதட்டினா இன்னும் ஜாஸ்தி திட்டுவே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அது அழுகையாக மாறியது, மறுபடி சிரிப்பானது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்படியே அனுப்பிட்டாங்கன்னா நானும் வேலையை விட்டுட்டு வந்துடுவேன்" என்றேன். "உன்னை யார் கூப்பிட்டா?" என்றார் அவர். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் அடித்த முதல் ஜோக் அது. எனக்கு ரசிக்கத்தான் நிலைமை இல்லை.

கால்மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அந்த அம்மாவின் கையில் கட்டும், அதன்மேல் ஒற்றைத் தாளும் இருந்தன. நின்றபடியே பேசினார். அந்த மாணவர் படிவம் போட்ட அன்றைக்கு எனக்கே பி.ஆர். கிடையாது. அதனால் மணமாகாதவர் என்று போட்டதில் என் வீட்டுக்காரருக்கு ஒரு லாபமும் இல்லை. 'ஆம்' என்று போட்டிருந்தாலும் விசா கிடைத்திருக்கும். ஆகவே ஏமாற்றும் எண்ணம் இல்லாத பிழை என்று எழுதிக்கொள்கிறார்களாம். என் கோப்பில் ஒரு குறிப்பு இருக்கும். அவர் கோப்பு மேலே போகும், அவர் இங்கேயே இருக்கலாம். திருத்தப் படிவத்தில் மட்டும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் மூச்சுவிடாமல் மூன்று முறை நன்றி சொன்னேன்.

அந்தத் தாளில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. திருமணமான தேதி. அந்த அம்மா அதில் விரலை வைத்து, பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார். சான்றிதழ் அங்கேயே கண்ணெதிரே கிடந்தது. பார்த்து எழுத வேண்டியதுதான் பாக்கி. ஆனால் என் வீட்டுக்காரர் பேனாவைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பி, "சொல்லு" என்றார்.

அந்த அம்மாவும் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. அவசரப்படுத்தாமல் நின்றார்.

"ஆச்சுங்க" என்றேன். "கையெழுத்துப் போட்ட அன்னைக்கே ஆச்சு."

அதற்குப் பிறகுதான் அவர் பேனாவை எடுத்தார்.