பத்து இடத்திலும் பாலு

ஏற்காட்டில் கண் பார்வைக்குச் சான்றிதழ் தரும் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஆஸ்பத்திரியில் இல்லை. ஏரிக்குப் போகும் சாலையில், பாலசுப்பிரமணியத்தின் லாட்ஜ் வரவேற்பறையில், அறைச் சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே இருந்தது. அந்த லாட்ஜின் பெயரில் ‘வியூ’ என்று ஒரு சொல் உண்டு. எந்த ஜன்னலைத் திறந்தாலும் பக்கத்து லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரியும் என்பதால் அதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இயந்திரம் என்றது ஒரு தொடுதிரை விளையாட்டுப் பெட்டியைத்தான். பெங்களூரில் மூடிவிட்ட ஒரு பாரிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தது. உள்ளே அறுபது விளையாட்டு என்று விற்றவன் சொன்னான். அறுபதில் பாலசுப்பிரமணியத்துக்குப் பிடித்தது ஒன்றுதான். திரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம் வரும். ஒன்றுக்கு ஒன்று அச்சு அசல் போலவே இருக்கும், ஐந்து இடத்தில் மட்டும் வித்தியாசம். நேரம் தீர்வதற்குள் ஐந்தையும் விரலால் தொட்டுவிட்டால் அடுத்த ஜோடி. தொடாவிட்டால் ஆட்டம் முடிந்தது. கடைசியில் அதிக மதிப்பெண் எடுத்த பத்துப் பேரின் பட்டியல் வரும். முதல் இடத்தில் பாலு. இரண்டாம் இடத்தில் பாலு. மூன்றிலிருந்து பத்துவரை யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருமுறை தர்மபுரியிலிருந்து வந்து தங்கிய ஒரு வாத்தியார் ஏழாவது இடத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டார். மறுநாள் பாலசுப்பிரமணியம் காலை டிபன்கூடச் சாப்பிடாமல் பெட்டி முன் உட்கார்ந்து, அந்த மனிதரைப் பட்டியலை விட்டே துரத்திவிட்டுத்தான் எழுந்தார். வாத்தியார் அறையைக் காலி செய்ய வந்தபோது அதைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தார். விருந்தாளிகளை உபசரிப்பதில் அவருக்கு என்று ஒரு முறை இருந்தது.

அவருக்கு வயது அறுபத்தொன்று. மூன்று வருஷமாக அவர் மனைவி பார்வதி சொல்லிக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயம்தான்: கண்ணைக் காட்டுங்கள், கண்ணாடி போடுங்கள். அதற்கு அவளிடம் காரணங்கள் இருந்தன. கிளியூர் பாதையில் யாரோ மழைக்கோட்டை மாட்டி வைத்திருந்த சில்வர் ஓக் மரத்தைப் பார்த்து இவர், “என்ன மாதப்பா, சௌக்கியமா?” என்று விசாரித்தார். மரம் வாய் திறக்கவில்லை. தோட்டக்கார மாதப்பனுக்குக் காப்பி விலை ஏறினதிலிருந்து திமிரும் ஏறிவிட்டது என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்புறம் பதின்மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் சாலை வேலைக்காக நிறுத்தி வைத்திருந்த சிவப்புப் பீப்பாயின் மேல் ஜீப்பை ஏற்றினார். இறங்கிப் பார்த்துவிட்டு, வைத்தவனுக்குக் கண் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

பார்வதி எதைச் சொன்னாலும் அவர் விரல் பெட்டியின் பக்கம் நீளும். “அங்க போய்ப் பாரு. கண்ணு தெரியாதவனுக்கா அது பத்து எடமும் குடுத்திருக்குது?” இதற்கு எதிர்வாதம் செய்ய எந்த டாக்டராலும் முடியாது. எந்த டாக்டரிடமும் அவர் போகவில்லை என்பது வேறு விஷயம்.

இப்படியே போயிருக்கும். ஆனால் சேலத்தில் கட்டிக்கொடுத்த மகள் கவியா, நாலு மாதக் கைக்குழந்தையோடு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வருவதாகப் போன் செய்தாள். முதல் பேரன். நானே போய் ஜீப்பில் அழைத்து வருகிறேன் என்றார் இவர். பார்வதி மனசுக்குள் பாதையை ஓட்டிப் பார்த்தாள். இருபது வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் தன் பேரன்.

“ஏனுங்க, வெள்ளையன் ஓட்டட்டுமுங்க. நீங்க பக்கத்துல ஒக்காந்துட்டு வாங்க.”

வெள்ளையன் லாட்ஜுக்கு வருகிறவர்களை ஊர் சுற்றிக் காட்டும் டிரைவர். வேறு யாருடைய பெயரைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. தன்னிடம் சம்பளம் வாங்குகிறவன் பெயரைச் சொன்னதும் பாலசுப்பிரமணியத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“இப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இந்தப் பொட்டியில ஒரு ஆட்டம் ஆடறேன். பத்தாவது எடத்தைத் தாண்டலீன்னா ஜீப் சாவிய வெள்ளையன் கையில குடுத்துடறேன், நீ சொல்ற டாக்டர்கிட்ட வாரேன். தாண்டிட்டேன்னா, கண்ணுங்கற பேச்சையே இந்த ஊட்டுல எடுக்கக் கூடாது.”

“சரிங்க,” என்றாள் பார்வதி. அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டி டக், டக் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் கறுத்துப்போனது. அணைத்துப் போட்டார், தட்டினார், பக்கவாட்டில் ஒரு அறைகூட விட்டார். வீட்டில் பிள்ளைகள் மேல் ஒருநாளும் கைநீட்டாத மனிதர்.

மறுநாள் கௌரி வந்தாள். கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன், கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறாள். இந்த மலையின் பனி எதற்குள்ளெல்லாம் நுழையும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு வானிலை இலாகாவுக்குக்கூடத் தெரியாது. பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றினாள். உள்ளே நாலு அந்துருண்டை, துணியில் முடிந்த வறுத்த அரிசி, மூன்று பல்லி முட்டை ஓடு.

“ஈரத்துக்குன்னு வெச்சேனுங்கம்மிணி,” என்றார் பாலசுப்பிரமணியம். பல்லி முட்டைக்கு அவர் பொறுப்பேற்கவில்லை.

“ஹார்ட் டிஸ்க் போயிருச்சுங்கண்ணா. உள்ளுக்குள்ள தட்டு சுத்துற பழைய மாடலு. வெளாட்டு, படம், உங்க பட்டியல் எல்லாமே இதுலதான் இருக்குது. இதுல படிக்க முடியறதை எடுத்து, சுத்தற வேலையே இல்லாத புது டிஸ்க்ல ஏத்திடலாமுங்க. அதுல வெறும் சிப்புதான். பனி ஒண்ணும் பண்ணாது.”

“பட்டியல் போகக் கூடாது.”

“பட்டியல் வந்துருமுங்க. படந்தான் முக்காவாசிக்கு மேல படிக்க மாட்டீங்குது.”

இந்த இடத்தில் பாலசுப்பிரமணியம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆயுசில் எந்த வேலைக்காரனையும் ‘பரவாயில்லை, முடிஞ்ச வரைக்கும் பண்ணு’ என்று விட்டவர் இல்லை அவர். லாட்ஜுக்கு வெள்ளையடித்தபோது பெயின்டரை நான்கு முறை ஏணியில் ஏற்றியவர்.

“அதெல்லாம் முடியாது. படம் ஒண்ணுகூட விடாம வரணும். வாங்கறப்ப எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கோணும். எங்க போயாவது புடிச்சுட்டு வா.”

கௌரி எங்கே போயாவது பிடித்துக்கொண்டுதான் வந்தாள். வெள்ளிக்கிழமை மலையிறங்கி, சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் இதே ரகப் பெட்டி ஒன்று, திரை நொறுங்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்தாள். திரைதான் போயிருந்தது, டிஸ்க் நன்றாக இருந்தது. இங்கே படிக்க முடியாத படங்களை அதிலிருந்து எடுத்துப் புது டிஸ்க்கில் நிரப்பினாள். சனிக்கிழமை சாயங்காலம் பெட்டிக்குள் வைத்துத் திருகாணி முடுக்கி விசையைப் போட்டபோது, திரையில் பட்டியல் வந்து நின்றது. பத்து பாலுவும் பத்திரம்.

கௌரி பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஏனுங்கண்ணா, பன்னெண்டு வருசமா ஆடறீங்க, ஆனா பத்துமே இந்த மூணு வருசத்துத் தேதியாவே இருக்குதுங்களே?”

“வயசு ஏற ஏறக் கண்ணு கூர்மையாவுது, பாத்துக்க.”

காப்பித் தம்ளரோடு வந்த பார்வதி இதைக் கேட்டாள். தம்ளரை அவர் கைக்கு எட்டும் இடமாகப் பார்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜீப் வாசலில் நின்றது. சாவி பாலசுப்பிரமணியத்தின் சட்டைப் பையில். வெள்ளையன் வாசற்படியில். பெட்டியில் ஏதாவது தகராறு என்றால் பார்க்க கௌரியும் வந்திருந்தாள். முன்பெல்லாம் பெட்டி எழுந்து முகம் கழுவிவிட்டு வர மூன்று நிமிஷம் ஆகும். இப்போது விசையைப் போட்டதும் பாட்டோடு வந்து நின்றது.

முதல் படம் ஒரு சந்தை. பழக்கடை, கூடை, தொப்பி போட்ட ஆட்கள். பாலசுப்பிரமணியத்துக்கு இந்தப் படத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை. ஒரு கூடையைத் தொட்டார். தப்பு. தப்பாகத் தொட்டால் நேரம் குறையும். ஒரு தொப்பியைத் தொட்டார். அதுவும் தப்பு. நேரக் கோடு சரசரவென்று கரைந்து, ஆட்டம் முடிந்தது. விட்டுப்போன ஐந்தையும் பெட்டியே சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியது.

“இது நம்ம படமே இல்ல. பழசெல்லாம் எங்க?”

“பழசும் இருக்குதுங்கண்ணா. மொத்தம் ஆயிரத்து இருநூறு படம். அந்த டிஸ்க் கெட்டுட்டே வந்ததுல, படிக்க முடியாததை எல்லாம் பொட்டியே தாண்டித் தாண்டிப் போயிருக்குது. கடைசியா எத்தனை மிச்சம்னு எண்ணிப் பாத்தேனுங்க. நாப்பத்தொண்ணு.”

“அப்படீன்னா?”

“மூணு வருசமா அந்த நாப்பத்தொண்ணுதாங்க உங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்குது.”

நாற்பத்தொரு படத்துக்கு ஐந்து வீதம் எங்கெங்கே விரல் வைக்க வேண்டும் என்பதை மனிதர் மனப்பாடம் செய்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு பதினாறைத் தாண்டாத தலைக்கு இது சாதாரணக் காரியம் இல்லை. அதற்கு யாராவது பரிசு தந்தால்கூடத் தரலாம். ஆனால் அதில் கண்ணுக்கு வேலையே இல்லை.

“இன்னொரு ஆட்டம்,” என்றார்.

“ஆடுங்க,” என்றாள் பார்வதி. அவள் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும்.

இந்தத் தடவை வந்தது ஒரு சிவப்புப் படகு. பழைய சிநேகிதன். பாலசுப்பிரமணியத்தின் விரல் டப் டப்பென்று ஐந்து இடத்தில் விழுந்தது. ஆறு விநாடிகூட ஆகியிருக்காது. திரும்பி வெள்ளையனை ஒரு பார்வை பார்த்தார். வெள்ளையன் மரியாதைக்குத் தலையை ஆட்டினான்.

அடுத்த படம் ஒரு மலைச்சாலை. எந்த ஊர் மலையோ. பச்சை, நடுவில் வளைந்து போகும் சாம்பல் நிறச் சாலை, தூரத்தில் ஒரு வெள்ளை வீடு. பாலசுப்பிரமணியம் கண்ணைச் சுருக்கினார். வீட்டின் ஜன்னல் ஒன்று அகப்பட்டது. மேகம் ஒன்று அகப்பட்டது. இரண்டுக்காகவும் நாலு தடவை தப்பாகத் தொட்டிருந்தார். நேரம் தீர்ந்தது. மிச்சம் மூன்றுக்கும் பெட்டி சிவப்பு வட்டம் போட்டது. ஒரு வட்டத்துக்குள் மரக்கிளை. ஒரு வட்டத்துக்குள் மைல்கல். இரண்டையும் ஒருவாறு ஒப்புக்கொண்டார். மூன்றாவது வட்டம் சாலை வளைவில் இருந்தது.

அவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். “இந்த வட்டத்துக்குள்ள ஒண்ணுமே இல்லியே. கௌரி, பொட்டி தப்புப் பண்ணுது பாரு.”

கௌரி பார்வதியைப் பார்த்தாள்.

“ஒரு கொழந்தைங்க,” என்றாள் பார்வதி.

“எங்க?”

“ரோட்டோரமா. இடது படத்துல நிக்குதுங்க. வலது படத்துல இல்லீங்க.”

பாலசுப்பிரமணியம் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். சாலை தெரிந்தது. பச்சை தெரிந்தது. வட்டம்கூட நன்றாகத் தெரிந்தது. இந்தப் படத்தில் குழந்தை இருக்கிறது என்று சொல்லி, இருக்கும் இடத்தைச் சுற்றிச் சிவப்பாக வளையமும் போட்டுக் கொடுத்தும், அவருக்கு அங்கே சாலை மட்டும்தான் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தன்னைப் பார்த்தே பயமாக இருந்தது. இந்த மூன்று வருஷத்தில் அந்த இருபது வளைவில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கிறோம் என்று நினைத்தார். கணக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததே நல்லது என்று பட்டது.

பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். வெள்ளையன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிச்சுட்டுப் போ, சாமி.”

“சரிங்க.”

பார்வதி பின்சீட்டில் ஏறினாள். அவர் முன்சீட்டுக்குப் போகாமல் அவள் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தார். அடிவாரம் வரும்வரை கண்ணை இடுக்கிக்கொண்டு ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.