முதல் லோடும் பச்சைக் கற்பூரமும்

"கதவத் தெறக்கப் போறியா இல்லையா? என் காய் உள்ள காயுதா கருகுதான்னு நான் பாக்க வேணாமா?"

"பதினெட்டு மணி நேரம் தெறக்கக் கூடாது மாமா. இது விறகு எரிச்சுக் காயவைக்கிற ஒங்க ஸ்டோர் இல்ல, நெனச்சப்பல்லாம் கையவிட்டுக் கிண்டுறதுக்கு."

"ஆமா, தேனியில மூணு மாசம் ட்ரெயினிங் போனவ சொல்லிட்டா! இருபது வருசமா நான் என்ன கத்தரிக்காயா காயவச்சேன்?"

முந்தல் ரோட்டில் போன பஸ்சே கொஞ்சம் மெதுவாகத்தான் போயிற்று. கத்தியவர் ராஜாராம், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். எதிரே நின்றவள் அவருடைய அக்கா மகள் முத்துப்பிரியா. புதிதாகப் போட்ட கரண்டு டிரையர் அவளுடையது. மாமாவின் முதல் பறிப்பு, இருநூறு கிலோ பச்சைக்காய், காலை ஆறு மணிக்கே அதற்குள் போயிருந்தது.

பந்தயம் தெருவுக்கே தெரியும். காய் நிறம் குறையாமல் வந்தால் மாமா தோட்டத்துக் காயெல்லாம் இனி இங்கேதான் உலரும். கெட்டுப்போனால் டிரையருக்குப் பூட்டு, முத்துப்பிரியாவுக்கு மாமன் மகன் வினோத்குமாரோடு கல்யாணம். பத்து மணிக்கு முன்னால் எழுந்து பழக்கமில்லாத அந்த மாப்பிள்ளை, அன்று எட்டு மணிக்கே வந்து சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

முத்துப்பிரியாவைப் பெற்ற மாயக்காள் மட்டும் பேசவில்லை. அடுத்த தெருச் சண்டைக்கே பஞ்சாயத்துப் பண்ணப் போகிறவள் பேசவில்லை என்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"உள்ளயே சுத்துற காத்து மாமா. பொகக்கூண்டு கெடையாது. வாசம் துளி வெளிய போகாது, அம்புட்டும் காயிலயே தங்கும்."

மாயக்காள் சட்டென்று டிரையர் கதவைப் பார்த்தாள்.

காலையில் மகள் மீட்டர் பார்க்கப் போன நேரத்தில், மேல்தட்டுக்குப் பின்னால் பொட்டலம் வைத்தவள் அவள்தான். மஞ்சள் துணியில் முடிந்த பச்சைக் கற்பூரம். தம்பியின் ஸ்டோரில் வருசா வருசம் முதல் லோடுக்கு அவள் கையால்தான் வைப்பாள். அங்கே அது புகையோடு போய்விடும். 'உள்ள ஒண்ணும் கொண்டாராதம்மா' என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதெல்லாம் சாமி சாமானுக்கு இல்லை என்று மாயக்காள் தானாகவே முடிவுகட்டிக்கொண்டாள்.

ஏலக்காய் பக்கத்திலிருப்பதன் வாசத்தை வாங்கிக்கொள்ளும் என்பது போடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சோப்புப் பெட்டியோடு ஜீப்பில் வந்த மூட்டையைச் சீந்த ஆளில்லாமல் போனதை அவளே பார்த்திருக்கிறாள். சொன்னால் மகள் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையே போயிற்று. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். டிரையரின் நெற்றியில் சூட்டைக் காட்டும் சிவப்பு எண் ஏறிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் வினோத்குமார் ஒரு அடி கிட்டே வருகிற மாதிரி இருந்தது.

"தெறடி!" என்று அலறிவிட்டாள்.

ராஜாராம் முகம் மலர்ந்தது. "பாத்தியா, பெத்தவளே சொல்றா."

"அம்மா, ஒனக்குமா என் மேல நம்பிக்கை இல்ல?"

"ஒன் மேல இருக்குடி. நாந்தான்... உள்ள கற்பூரம் வச்சிருக்கேன்."

முத்துப்பிரியா திட்டவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். மாயக்காளுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

குப்பென்று அடித்த காற்றில் ராஜாராம் மூக்கைப் பொத்தினார். "என்னக்கா, பெருமாள் கோயில் தீர்த்தமே போட்டு வச்சிருக்க!"

வினோத்குமார் கொட்டாவியை நிறுத்தினான். தட்டு தட்டாகக் குனிந்து முகர்ந்தான். "சூடு இன்னும் முழுசா ஏறல, மேல மூணு தட்டுதான் அத்தை கெட்டுச்சு. மத்தது சுத்தம். வெரசா காத்தாட விட்டு மறுபடி ஏத்துங்க."

தூங்குமூஞ்சிக்கு இப்படி ஒரு மூக்கா என்று யாரும் நம்பவில்லை. மறுநாள் கதவு திறக்கும்வரை மாயக்காள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. காய் கிளிப்பச்சையாக வந்தது. வியாபாரிகள் முகர்ந்து பார்த்து முகம் சுளிக்கவில்லை. ராஜாராம் அடுத்த பறிப்பையும் அங்கேயே கொண்டுவந்து இறக்கினார். கெட்ட மூன்று தட்டும் பெருமாள் கோயில் தீர்த்தத்துக்கே போயின.

வினோத்குமாரின் மூக்குக்குக் கேரள எல்லைக் குமுளியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனி சம்பளம் கொடுத்தது. அங்கேயே பேக்கிங்கில் இருந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு, இப்போது மலையாளத்தில் கொட்டாவி விடுகிறான் என்று கேள்வி. முத்துப்பிரியா கரண்டாபீஸ் சிவக்குமாரைக் கட்டினாள். டிரையருக்குக் கரண்டு நிற்காமலிருக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை போலிருக்கிறது. குரங்கணியில் இரண்டாவது டிரையர் போட்டு அங்கேயே குடிபோய்விட்டார்கள். மாயக்காள் மாசம் ஒருதரம் போய்வருகிறாள். மகள் வாசலிலேயே சுருக்குப்பையை வாங்கி வைத்துக்கொண்டுதான் டிரையர் பக்கம் விடுகிறாளாம்.