ஆற்றுக்குப் போக வேண்டிய அம்மன்

இராக்கம்மாவுக்கு வாய் நீளம் என்று நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டம் முழுவதும் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு அவள் ஒருத்திக்குத்தான் வாய் இருந்தது. மற்றவர்கள் எல்லாம் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மாரியம்மன் திருவிழா முந்தின நாள்தான் முடிந்திருந்தது. அம்மனைக் களிமண்ணில் செய்வது இராக்கம்மா. மண் வனைகிற வேளார் வீட்டுப் பெண். திருச்சிப் பக்கமிருந்து கப்பலேறி வந்து கொழுந்து பறித்தாலும் அவள் கை மண்ணை மறக்கவில்லை. புருஷன் காய்ச்சலில் போன பிறகும் வருஷா வருஷம் அவள்தான் செய்தாள். சூளையில் வைத்துச் சுடுவதில்லை. திருவிழாவுக்கு மறுநாள் அம்மனைத் தலையில் தூக்கிப் போய், கூலிச்சனம் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் விடுவார்கள். பச்சை மண் கரைந்து போகும். வந்தவள் திரும்பிப் போய்விட்டாள் என்று அர்த்தம். அம்மை கண்டவர்களுக்கு அதற்குப் பிறகுதான் தலைக்குத் தண்ணீர். அதுவரைக்கும் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. அந்தத் தோட்டத்து முறை அது.

அந்த வருஷம் பார்த்து லயத்தில் பாதிப் பிள்ளைகள் அம்மை கண்டு கிடந்தார்கள். பதுளையிலிருந்து வரவழைத்த வேப்பிலையில் இராக்கம்மாவின் மகள் பரிமளமும் கிடந்தாள். முத்து இறங்கிவிட்டது. உடம்பெல்லாம் அரிப்பு. விடிந்ததிலிருந்து அனத்திக்கொண்டே இருந்தாள்.

"எப்பம்மா தண்ணி ஊத்துவ?"

"ஆத்தா இப்பக் கெளம்பிருவா தங்கம். அவ போன கையோட ஊத்திர்றேன்."

சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனால் பீடத்தில் அம்மனைக் காணோம்! வாடின பூ கிடக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் அழகர் கங்காணி வெற்றிலை மென்றுகொண்டு நிற்கிறார்.

"ஆத்தா எங்கங்க?"

"பங்களாவுல." கங்காணி எச்சிலைத் துப்பினார். "தொரை சீமைக்குப் போறாருல்ல. அங்க ஒரு பெரிய வீடாம். ஊரு ஊரா உள்ள கைவேலையெல்லாம் கொண்டு போயி கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாதுகாக்குறாங்களாம். நம்ம ஆத்தாவும் போகுது. ஒன் கைவேலைடி! பெருமைப்படாம என்ன மொறைக்கிற?"

பெருமையாவது மண்ணாங்கட்டியாவது. மனுஷனுக்குப் பயம். பழைய துரை போகிறார், புதுத் துரை வரப்போகிறார். போகிறவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனால்தான் அழகர் தலைமைக் கங்காணியாக நீடிக்க முடியும். அதற்கு அம்மனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"புள்ளைங்களுக்குத் தண்ணி ஊத்த வேணாமா?"

"ஒரு பிடி மண்ண உருட்டி ஆத்துல போட்டுட்டு ஊத்துங்க. யாரு கேக்கப் போறா?"

"ஒங்க மகனுக்கு அப்படித்தான் ஊத்துவீங்களா?"

கங்காணி வீட்டிலும் ஒரு பிள்ளை வேப்பிலையில்தான் கிடந்தான். கங்காணிக்கு மூஞ்சி கறுத்துப் போயிற்று. "வாய அடக்குடி! துண்டு குடுக்காமத் தொரத்திருவேன், தெரியும்ல?" என்று கத்தினார். தோட்டத்திலிருந்து முறையாக விலகினதற்குத் துரை கொடுக்கிற சீட்டுதான் துண்டு. அது இல்லாதவளை வேறெந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

சுற்றி நின்ற சனம் தரையைப் பார்த்தது. "தூ! நீங்கள்லாம் மனுசங்களா?" என்று இராக்கம்மா பொதுவாகச் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினாள்.

பங்களாவின் பின்கட்டில் ஒரு மரப்பெட்டி. உள்ளே வைக்கோல். வைக்கோலுக்கு நடுவில் கழுத்து வரைக்கும் புதைந்து அம்மன். சமையல்காரர் மொஹிதீன் மூடியையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு நின்றார். பெட்டியைப் பண்டாரவளை ரயிலுக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி வந்து நின்றது. துரை வெளியே வந்து இராக்கம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ செஞ்சது? மெத்த நல்ல வேலை. நான் பத்திரமா வைக்கிறது. நூறு வருஷம் இருக்கும்."

"நூறு வருசம் இருக்கறதுக்கா செஞ்சேன் தொரை? இவ போகணும். போனாத்தான் புள்ளைங்களுக்குத் தண்ணி. போனாத்தான் அடுத்த வருசம் நான் செய்வேன். போகாத ஆத்தாள வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்யறது?"

"தண்ணியில போட்டா உன் வேலை எல்லாம் வீண்."

"வீணா? கரையறதுக்குத்தான் அதைச் செஞ்சதே!"

துரைக்கு அது விளங்கவில்லை. பாவம், என்ன செய்வார்? கண்ணுக்கு அழகாக இருந்தால் எடுத்துப் பெட்டியில் பூட்டத்தான் அவருக்குத் தெரியும். "கங்காணிகிட்டப் பேசு," என்று அவளிடமும், "மூடியை அடி," என்று மொஹிதீனிடமும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மொஹிதீன் மூடியைப் பார்த்தார். இராக்கம்மாவைப் பார்த்தார். "அடுப்புல பால் வச்சிருக்கேன் தங்கச்சி. பொங்கிருச்சான்னு பாத்துட்டு வாறேன்," என்று சொல்லிச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

இராக்கம்மா வைக்கோலை வாரி வீசினாள். அம்மனை இரண்டு கையாலும் அள்ளித் தலையில் ஏற்றினாள். ஏற்றிவிட்டால் முடிந்தது. ஆத்தாளைத் தலையில் சுமந்து ஆற்றுக்குப் போகிறவளை யாரும் தொடக் கூடாது, வழி மறிக்கக் கூடாது. கொலைகாரனும் ஒதுங்கித்தான் நிற்பான்.

கங்காணி மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். "பிடிங்கடா அவள!" என்று வண்டிக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். அவர்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். கங்காணியே பாதையில் வந்து குறுக்கே நின்றார். இராக்கம்மா நிற்கவில்லை. நேரே வந்தாள். கடைசி அடியில் கங்காணியின் கையும் தலைப்பாகையை அவிழ்த்தது. துரைக்குக் குனிந்து பழகின முதுகு இதற்கும் குனிந்துவிட்டது.

இறங்குகிற வழியெல்லாம் இராக்கம்மா வைதுகொண்டே போனாள். சாமியைச் சுமக்கிறவள் அப்படி வைததை அந்தத் தோட்டம் பார்த்ததில்லை. கங்காணியின் பரம்பரையை வைதாள், துரையின் கப்பலை வைதாள், தலைகுனிந்து நின்ற லயத்துச் சனத்தை இன்னும் கேவலமாக வைதாள். வைது வைது தொண்டை கட்டிப்போன நேரத்தில் ஒரு வாசலிலிருந்து மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு ஒரு பொம்பளை வந்து அவள் காலில் ஊற்றினாள். பார்த்தால், கங்காணியின் பெண்சாதி பாக்கியலெட்சுமி! அவளைப் பார்த்து அடுத்த வாசலும் வந்தது. பிறகு லயமே குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இராக்கம்மா அம்மனை முக்கினாள். முதலில் மஞ்சள் சாயம் போயிற்று. பிறகு மூக்கு, பிறகு கை. தான் தடவித் தடவிச் செய்த கன்னம் தன் கையிலேயே குழைந்து போவதை வருஷா வருஷம் பார்க்கிறவள்தான். இந்த வருஷம் மட்டும் அழுதாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அம்மன் கரைந்த இடத்தில் தோட்டத்துத் தலைமைக் கங்காணி ஒரு பிடி மண் அள்ளி, செய்கிறவள் கையில் கொடுக்க வேண்டும். வருகிற வருஷமும் நீதான் செய்ய வேண்டும் என்பதற்கு அந்தப் பிடிமண்தான் வாக்கு. அதை வாங்காமல் வேளார் கை அம்மனைத் தொடாது.

எல்லாக் கண்ணும் பின்னாலேயே இறங்கி வந்திருந்த கங்காணி மேல் திரும்பியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். குனிந்து ஒரு பிடி அள்ளி நீட்டினார்.

"இந்தா. வாங்கித் தொலை."

இராக்கம்மா கையை நீட்டவில்லை.

"மண்ண கையில வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. எந்தத் தொரை வந்து கேட்டாலும் ஆத்தாளக் குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க. வாங்கிக்கிறேன்."

கங்காணி பங்களாவை அண்ணாந்து பார்த்தார்.

"சொல்லுங்களேன்," என்றாள் கரையில் நின்ற பாக்கியலெட்சுமி. "ஒரு வார்த்தைதான?"

மனுஷன் ஆயிரம் பொய் சொன்னவர்தான். ஆனால் அந்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவருக்கும் நாக்கு எழவில்லை. "அது எப்படி... புதுத் தொரை கேட்டா... நான் என்னன்னு..." என்று இழுத்தார்.

இராக்கம்மா அந்த மண்ணைப் பார்த்தாள். அது அவளுக்கு வேண்டும். கொழுந்து துரையுடையது, லயம் துரையுடையது, அவளுக்கென்று இருந்தது வருஷத்துக்கு ஒரு பிடி மண்தான். அதை இந்தக் கையிலிருந்து வாங்கினால் அடுத்த வருஷமும் பெட்டிக்குத்தான் செய்துகொண்டிருப்பாள்.

"அப்ப நீங்களே வச்சுக்கங்க," என்றாள். "இனிமே இந்தத் தோட்டத்துல நான் ஆத்தா செய்ய மாட்டேன். தொரத்துறதுன்னா தொரத்துங்க. எம் மகளுக்கு முதல்ல தண்ணி ஊத்தணும்."

குடத்தில் தண்ணீரை மொண்டுகொண்டு கரையேறினாள். மற்றவர்களும் ஆளுக்கொரு குடமாக மொண்டுகொண்டு பிள்ளைகளிடம் போனார்கள். கங்காணி கையிலிருந்த மண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் பெண்சாதியைத் தேடினார். பாக்கியலெட்சுமி குடத்தோடு எப்போதோ மேலே போயிருந்தாள்.