இடப்பக்கத்தில் மூத்தவள்

அந்தப் பல்செட்டுப் பட்டறையில் தினமும் மதியம் ஒரு மணிக்குப் புரட்சி தொடங்கும். ஒன்றே முக்காலுக்கு நின்றுவிடும், ஏனென்றால் இரண்டு மணிக்குள் யாரோ ஒருவருடைய மேல்வரிசை டாக்டரிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நாளுக்கு முக்கால் மணி நேரம் என்று பதினொரு மாதமாக ஓர் அரசனைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் எந்தப் புரட்சியும் இவ்வளவு நேரம் தவறாமல் நடந்திருக்காது.

விளையாட்டை உண்டாக்கியவர் மாவு அண்ணன். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை எடுப்பது அவர் வேலை. காலையிலிருந்து வாய் திறக்காத மனிதர், சாப்பாட்டு டப்பாவை மூடியதும் ஆளே மாறிவிடுவார். மீந்த மாவில் ஒரு நகரத்தையே வார்த்து வைத்திருந்தார். ஆறு, மதில், மதிலில் ஒரு கதவு, நடுவில் நாலு விரல் உயரத்துக்குக் கோபுரம். நாட்டிலிருந்த மந்திரத்தை எல்லாம் அந்தக் கோபுரத்தில் பூட்டிவைத்துக்கொண்டு கொட்டம் அடிக்கும் அரசனும் அவர்தான்.

ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. நிறம் ஒத்துப்போகாமல் கழித்துப்போட்ட பற்கள் டப்பா டப்பாவாக இருந்தன. கடைவாய்ப் பற்கள் அரசனின் படை. நடு முன்பற்கள் நிலத்தார் என்கிற கலகக்காரர்கள். கோரைப் பற்கள் சாம்பல் சபை என்கிற மந்திரவாதிகள். இளஞ்சிவப்பு மெழுகில் உருட்டியவை படகுகள். படகுக்காரர்கள் யார் பக்கம் என்று படகுக்காரர்களுக்கே தெரியாது.

நிலத்தாருக்குத் தலைவி இளையவள். சாம்பல் சபைக்கு மூத்தவள். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் மாடியிலும் கீழுமாக இருப்பவர்கள், அதனால் பட்டறையிலும் அவர்களுக்கு அதே பெயர்கள்தான். மூத்தவள் மெழுகில் பல் அடுக்குவாள். இளையவள் முடிந்து வந்த செட்டைச் சுழலும் துணிச்சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவாள். இவளுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்து, பிறகு கையைப் பிடித்து இவளை அங்கே கொண்டுவந்து விட்டதும் மூத்தவள்தான். படகுகளுக்குத் தலைவர் டாக்டர் வீடு டாக்டர் வீடாக அச்சு வாங்கி வரும் வண்டிக்காரர்.

மாவு அண்ணனின் நாட்டில் கோபுரத்திலிருந்து கசியும் மந்திரத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் சும்மா இல்லை. மந்திரம் போட்டவரின் அடுத்த முடிவு அவருடையது இல்லை, அவருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையது. இந்த ஒரு விதியில்தான் விளையாட்டின் ருசியே இருந்தது. வண்டிக்காரர் ஓட்டைப் படகை அடைக்கக்கூட மந்திரம் போடுவார். அவருக்கு இடப்பக்கம் இளையவள். பாவம், அவர் படகுகள் முக்கால்வாசி நாள் இவளுடைய ஆட்களுக்குத்தான் நெல் சுமந்தன. மூத்தவளுக்கு இடப்பக்கம் மாவு அண்ணன், அதாவது அரசனே. அதனால் அவள் ஒவ்வொரு மந்திரத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போடுவாள்.

இளையவள் மட்டும் பதினொரு மாதத்தில் ஒரு மந்திரம்கூடப் போட்டதில்லை. பாதி படை அழிந்தபோதும் இல்லை. தன் முடிவைத் தானே எடுத்துத்தான் பழக்கம் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவாள். கஞ்சத்தனத்தில் இது ஒரு புது ரகம் என்று வண்டிக்காரர் கேலி செய்வார். இடப்பக்கத்தில் இருந்த மூத்தவளோ, என்றைக்காவது ஒரு நாள் உன் முடிவு என் கைக்கு வராமலா போகும், அன்றைக்கு இருக்கிறது உனக்கு என்று சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவப் போவாள்.

விளையாட்டில் அவ்வளவு வீராப்பாக இருந்தவள், அந்த வாரம் நிஜத்தில் ஒரே ஒரு முடிவை எடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மாலை முதலாளியம்மா அவளை உள்ளே கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தாள். பஸ்ஸில் அரை மணி தூரத்தில் புதுக் கிளை திறக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து அதை இளையவள் பொறுப்பேற்று நடத்த வேண்டும், வெள்ளிக்கிழமை காலைக்குள் பதில் வேண்டும். படித்தவுடன் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அறையை விட்டு வெளியே வந்து, மெழுகுக் கத்தியை விளக்கில் சூடாக்கிக்கொண்டிருந்த மூத்தவளின் குனிந்த தலையைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் அப்படியே வடிந்துபோனது. முறைப்படி பார்த்தால் இந்த வேலை அவளுக்கு வந்திருக்க வேண்டும். கொண்டுவந்து விட்டவள் நாற்காலியிலேயே இருக்க, வந்தவள் தாண்டிப் போவதா? ஒரே வாசல்படி, ஒரே துவைக்கும் இயந்திரம், பிள்ளைகள் எந்த வீட்டில் சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்காத வீடு. அதில் ஒரு மனஸ்தாபம் வந்தால் அது பட்டறையோடு நிற்காது. ஒத்துக்கொண்டால் அவளை இழக்க வேண்டிவரும், வேண்டாம் என்றால் வாழ்நாள் முழுக்க உள்ளுக்குள் புழுங்க வேண்டிவரும். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயெடுத்து மூன்று முறையும் மென்று விழுங்கினாள். கடிதத்தை நாலாக மடித்து வேலைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை துணி துவைப்பது மூத்தவளின் முறை, சனிக்கிழமை இவளுடைய முறை. செவ்வாய் மாலை கோட்டைக் கழற்றிக் கூடையில் போட்டவள், கடிதத்தை எடுக்க மறந்துபோனாள். புதன் காலை படியில் மடித்து வைத்திருந்த கோட்டை மாட்டிக்கொண்டு பைக்குள் கைவிட்டாள். கடிதம் நாலு மடிப்போடு அங்கேயே இருந்தது. நல்லவேளை என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

பல்லில் முடியளவு கீறல் இருந்தால்கூடக் கண்டுபிடிப்பவள் அவள். துவைத்து இஸ்திரி போட்டு வந்த கோட்டில் நனையாத கடிதம் எப்படி இருக்கும் என்று மட்டும் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. மனசு வேறு எங்கோ இருந்தால் கண் இருந்தும் புண்ணியமில்லை.

வியாழக்கிழமை மதியம் புரட்சி கடைசிக் கட்டத்துக்கு வந்தது. நிலத்தாரில் எட்டு முன்பற்கள் கோபுரத்தில் கைதிகள், மூன்று மட்டும் மதிலுக்கு வெளியே. சாம்பல் சபையின் கோரைப் பற்கள் ஆற்றங்கரையில் காத்திருந்தன. மதிற்கதவைத் திறக்கப் பகடையில் ஆறு விழ வேண்டும், அதுவும் அடுத்தடுத்து இரண்டு தடவை. அந்தப் பகடையை மெருகேற்றிக் கொடுத்தவளே இளையவள்தான். பளபளப்பில் ஆசை வைத்து முனைகளை மழுக்கிவிட்டதால், அது உருண்டு உருண்டு மேசையை விட்டே இறங்கிப் போகுமே தவிர ஆறு காட்டாது. இது அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

முதல் உருட்டலில் இரண்டு விழுந்தது. வண்டிக்காரர் உச்சுக்கொட்டினார். மாவு அண்ணன் அவளுக்கு முன்னால் மூன்று வழிகளை வைத்தார். பின்வாங்கலாம், கைதிகள் போவார்கள். மறுபடி உருட்டலாம், தவறினால் மூன்று பேரும் போவார்கள். இல்லாவிட்டால் மதிலை உருக்கும் மந்திரம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, உனக்குத்தான் அது ஆகாதே என்று தோளைக் குலுக்கினார்.

இளையவள் அந்த மூன்று பற்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை. முடிவு முடிவு என்று யோசித்து மண்டை காய்ந்து போயிருந்தது. ஒரு முடிவையாவது வேறு யாராவது எடுத்துத் தொலைக்கட்டுமே என்று இருந்தது.

“மந்திரம் போடறேன்” என்றாள்.

வண்டிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மாவு அண்ணன் கத்தியை எடுத்து, தான் பார்த்துப் பார்த்து வார்த்த மதிலை ஒரே வெட்டில் உடைத்தார். மூன்று முன்பற்களும் உள்ளே போயின. கைதிகள் இறங்கி வந்தார்கள். அரசன் வண்டிக்காரரின் படகிலேயே ஏறித் தப்பி ஓடினான். கோபுரத்து உச்சியில் ஒரு குண்டுமணி அளவு சிம்மாசனம் காலியாக இருந்தது.

அடுத்த முடிவு என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். சிம்மாசனம் யாருக்கு? அதை எடுக்க வேண்டியது நகரத்துக்குள் முதலில் நுழைந்த இளையவள். ஆனால் மந்திரம் போட்டுவிட்டாளே. பதினொரு மாதமாகச் சாம்பல் சபை கண் வைத்திருந்த இடம், கேட்காமலே மூத்தவளின் மடியில் வந்து விழுந்துவிட்டது. வண்டிக்காரர் ஒரு கோரைப் பல்லை எடுத்து அவள் பக்கம் தள்ளியும்விட்டார்.

மூத்தவள் அதைத் தொடவில்லை. மாவு அண்ணன் கேள்வியைக் கேட்க வாய் திறந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள். விதியை நோட்டில் எப்படி எழுதியிருக்கிறது, அப்படியே படியுங்கள் என்றாள். அவர் மாவு படிந்த நோட்டைப் புரட்டிப் படித்தார். மந்திரம் போட்டவரின் அடுத்த முடிவு இடப்பக்கத்தாருடையது. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

“விளையாட்டுக்குள்ள எடுக்கிற முடிவுன்னு எங்கயாவது இருக்கா?”

“அப்படி ஒண்ணும் இல்லம்மா.”

மூத்தவள் இளையவள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப சிம்மாசனத்தை நீயே பாத்துக்கோ. எனக்கு அது வேணாம். நாளைக்குக் காலைல முதலாளியம்மாகிட்ட நீ சொல்லப்போற முடிவுதான் என்னோடது. ஒத்துக்கறேன்னு சொல்லு.”

இளையவளின் கை தானாகக் கோட்டுப் பைக்குப் போனது. நாலு மடிப்புக் கடிதம் விரலில் பட்டது. செவ்வாய்க்கிழமை, துவைக்கும் கூடை, படியில் மடித்து வைத்த கோட்டு எல்லாம் அப்போதுதான் வரிசையாக அவள் புத்தியில் ஏறின. முகம் குப்பென்று சிவந்தது.

“படிச்சிட்டீங்களாக்கா?”

“பின்ன, மெஷினுக்குள்ள போட்டுக் கஞ்சி காய்ச்சச் சொல்றியா? பையைப் பாக்காம நான் என்னிக்குத் துவைச்சிருக்கேன்.”

“உங்களுக்கு வரவேண்டியது அது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

மூத்தவள் மேசையில் சிந்திக்கிடந்த மதில் துண்டுகளை விரலால் ஒதுக்கி ஒரு பக்கமாகக் குவித்தாள். தனக்கும் அந்த வேலையில் ஆசை இல்லாமல் இல்லை, வருத்தமும் இல்லாமல் இல்லை, செவ்வாய் ராத்திரி முழுக்க இருந்தது, புதன்கிழமை கொஞ்சம் குறைந்தது என்று மறைக்காமல் சொன்னாள். ஆனால் ஆட்களை வேலை வாங்குவதற்கு வேறு ஒரு வாய் வேண்டும், அது தன்னிடம் இல்லை, இளையவளிடம்தான் இருக்கிறது, முதலாளியம்மா கண் குருடு இல்லை என்றும் சொன்னாள். அதன் பிறகுதான் குரல் லேசாக இறங்கியது.

“வேலை உனக்கு வந்ததுல எனக்குக் கோவம் இல்ல. மூணு நாளா அதைப் பையில வெச்சுக்கிட்டு என் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டே பாரு, அதுல கோவம். என்னை அவ்வளவுதான்னு நெனச்சிட்டியே.”

இளையவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்தால் வேறு என்ன செய்வது? வண்டிக்காரர் அவசரமாகத் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். மாவு அண்ணன் தன் உடைந்த நகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மாவு கலக்க வைக்கும் மணிக்கடிகாரம் ஒன்றே முக்காலுக்கு அலறியது. சிம்மாசனம் யாருக்கும் இல்லாமல் அப்படியே அலமாரிக்குள் போனது.

வெள்ளிக்கிழமை காலை இளையவள் ஒத்துக்கொண்டாள். நன்றாக யோசித்துத்தான் முடிவு செய்தாயா என்று முதலாளியம்மா கேட்டாள். நான் எங்கே முடிவு செய்தேன், எங்கள் அக்கா செய்தார் என்று உள்ளதைச் சொன்னாள். முதலாளியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அடுத்த மாதத்திலிருந்து புரட்சியைச் சனிக்கிழமை மதியம், அரை நாள் வேலை முடிந்ததும், வீட்டில் வைத்துக்கொள்வதாகப் பேச்சானது. மாவு அண்ணன்தான் தன் ஓடிப்போன அரசனுக்கு மேலும் ஒரு வருஷ ஆயுள் கிடைத்ததில் ரொம்ப மகிழ்ந்தார்.

சிம்மாசன விஷயம் மட்டும் பாக்கி. வார்த்தையில் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை கோட்டைக் கூடையில் போடுவதற்கு முன்னால், ஒரு கோரைப் பல்லைக் காகிதத்தில் சுற்றி வேண்டுமென்றே பைக்குள் வைத்தாள். காகிதத்தில் ‘சிம்மாசனம் சாம்பல் சபைக்கு’ என்று எழுதியிருந்தாள். கீழே இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

புதன் காலை படியில் கோட்டு இருந்தது, இன்னும் இஸ்திரிச் சூடு ஆறவில்லை. பைக்குள் கையை விட்டாள். காகிதம் இல்லை. சுண்டுவிரல் அளவு இளஞ்சிவப்பு மெழுகு ஒன்று கைக்கு வந்தது. அதில் அவள் வைத்த கோரைப் பல்லும், பக்கத்தில் நிலத்தாரின் நடு முன்பல் ஒன்றும் பதிந்திருந்தன.

அந்த இரண்டும் வாயில் அடுத்தடுத்து வராது. நடுவில் இன்னொரு பல் இருந்தாக வேண்டும், இது பல் அடுக்குபவர்கள் முதல் நாள் படிக்கும் பாடம். பத்து வருஷத்தில் மூத்தவள் ஒரு நாளும் அதில் தவறியதில்லை. இந்த மெழுகில் மட்டும் அந்தப் பல்லை விட்டுவிட்டு, இரண்டையும் நூல்கூட நுழையாதபடி ஒட்டி உட்கார வைத்திருந்தாள்.

இளையவள் அதைப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். மூத்தவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் போய்விடும், சீக்கிரம் வா என்று கத்திக்கொண்டிருந்தாள்.