தங்கம் பூசிய ஆட்டு மூளை

பெண்டாட்டி கழுத்துக்கு ஒரு பொட்டுத் தங்கம் வாங்கித் தராத மனுசர், ஆட்டு மூளைக்குத் தங்கம் பூசிக்கொண்டிருந்தார். சொர்ணவல்லி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மிளகு போட்டு வறுக்க வேண்டியதை அவள் புருசன் ரத்தினவேல் மெல்லிசாகச் சீவி, தங்கக் கரைசலில் ஊறவைத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டிவைப்பார். திருவரங்குளத்து டாக்டர் அவர். நோயாளிகள் போனபிறகு இதே வேலைதான்.

நரம்புச் செல்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அவற்றைத் தாங்கிப் பிடிக்கிற துணைச் செல்களை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது அவர் குறை. தங்கம் பட்டால் அவை கருநீலமாக எழுந்து நிற்கும். ஆனால் இரண்டு வருசமாக அவர் கண்களில் புரை. அதனால் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும், பார்த்ததை வரைவதும் சொர்ணவல்லிதான்.

வயிற்றிலேயே செத்த குட்டியின் மூளையில் அந்தச் செல்கள் குச்சி குச்சியாய் நின்றன. வளர்ந்த ஆட்டில் கிளை விட்டன. வெள்ளைப் பகுதியில் நீளநீளமாய், சாம்பல் பகுதியில் புதர் மாதிரி. அந்தச் சாம்பல் பகுதிக்குள்ளேயே நெற்றிப் பக்கம் ஒரு விதம், பிடரிப் பக்கம் வேறு விதம் என்று அவள் வரைந்தபோதுதான் வினை வந்தது. அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு மதராஸிலிருந்து ஒரு புரொபசர் எழுதினார்: 'நெற்றிக்கும் பிடரிக்கும் வித்தியாசம் என்பது வரைந்தவரின் கற்பனை. தேர்ந்த ஓவியரிடம் கொடுங்கள்.'

ரத்தினவேல் கடிதத்தை மடித்தார். "நீ பாத்ததைத்தான் வரைஞ்சியா?"

"பாக்காததை எப்படிங்க வரைவேன்?"

"வகை வகையா இருந்தா நல்லாருக்கும்னு கை கொஞ்சம் ஓடியிருக்கும்."

சொர்ணவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மதராஸ்காரன் சொன்னதுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. "அப்ப என்னையச் சோதிச்சுப் பாருங்க. எந்த எடத்துச் சில்லுன்னு சொல்லாம, பேரை மறைச்சுக் குடுங்க. தப்புன்னா ஓவியர்கிட்டயே அனுப்பிருங்க."

பத்து நாள் கழித்து அவர் ஆறு சில்லுகளை நீட்டினார். பேர் எழுதிய இடத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. காலை வெயில் ஏறியதும் உட்கார்ந்தவள், ஐந்தை மளமளவென்று வரைந்து முடித்தாள்.

ஆறாவதில் புதரும் இல்லை, நீளக் கிளையும் இல்லை. வேலி நட்டதுபோல வரிசையாகக் குச்சிகள். லென்ஸைத் துடைத்தாள், அடியில் வெளிச்சம் வாங்கும் கண்ணாடியைத் திருப்பினாள். அதே குச்சிகள்தான்.

"இது வயித்துக்குட்டி மூளைங்களா?"

"இல்லை. ஆறும் வளந்த ஆடுதான்."

கண்டதை அப்படியே வரைந்தால் அவர் கற்பனை என்பார். நாலு கிளை சேர்த்துவிட்டால் வம்பே இல்லை. பென்சில் ஒரு கிளையை இழுத்தும்விட்டது. உடனே தன்மேலேயே வெட்கமாகிப்போய், ரப்பரால் அழித்துவிட்டு, கண்டதை மட்டும் வரைந்து நீட்டினாள்.

அவர் அதை மூக்கருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மற்ற ஐந்து சில்லுகளின் காகிதத்தை உரித்துப் பழைய படங்களோடு ஒத்துப்பார்த்துவிட்டு, கடைசியாக ஆறாவதை உரித்தார். சிறுமூளை என்று எழுதியிருந்தது.

"சிறுமூளையில மட்டும் வளந்தப்புறமும் இப்படித்தான் வரிசையா நிக்கும். கண்ணு நல்லாருந்தப்ப நானே பாத்திருக்கேன். ஒனக்குச் சொன்னதே இல்லை."

"வேணும்னுதான் வச்சீங்களா?"

"ஆமா." அவர் தலை குனிந்தது. "மத்த அஞ்சும் சரியாத்தான் இருக்கு. ஒரு கோடுகூட மாத்த மாட்டோம்னு மதராஸுக்கு எழுதிப்புடுறேன். படத்தடியில ஒம் பேரைப் போடு."

கோபமும் சந்தோசமும் சேர்ந்து வந்தன, கோபம்தான் ஒரு கை கூடுதல். ஆனாலும் பேனாவை வாங்கினாள். ஆறாவது படத்தடியில் வைத்த முனை நகரவில்லை.

"இதுல ஒரு கெளையைப் பொய்யா வரைஞ்சு அழிச்சிருக்கேங்க. தடம் லேசாத் தெரியுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எனக்குத் தெரியுதே" என்று சொல்லிவிட்டு, புதுக் காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.