இரண்டாவது பிழை

அப்பாவைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்த ஈரத்தை மோனிகா துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் மாலையோடு நின்றவர் தன் பெயரைச் சொன்னார்.

"சுந்தரமூர்த்தி. சென்னையிலேருந்து வரேன்."

பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா மங்கை தலையைத் தூக்கினாள். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் நல்லவிதமாகச் சொல்லாத பெயர் அது.

"இவன் இன்னாத்துக்கு இங்க வந்தான்?" என்றாள், சத்தமாகவே.

அவர் காதில் விழாதவர்போலப் படியோரம் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து மாலையைப் பெட்டியின் மேல் வைத்தார். கலியபெருமாளின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கலியபெருமாள் தளவானூரிலிருந்து படிக்கப் போனவர். முப்பது வருஷம் சென்னையில் துகள் இயற்பியல் ஆராய்ச்சி. ஓய்வுபெற்றதும் செஞ்சியில் வீடு கட்டிக்கொண்டார். நேற்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வெளிநாட்டுச் சோதனை ஒன்றின் வரைபடத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு மேடு தெரிந்தபோது, அது புதிய துகளாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டு அவர் எழுதிய கட்டுரைதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. ஆறே மாதத்தில் இன்னொரு ஆராய்ச்சியாளரான சுந்தரமூர்த்தி அந்தக் கணக்கே தப்பு என்று நாலு பக்கத்தில் எழுதினார். அந்த வருஷம் வரவிருந்த விருது வரவில்லை. ஆனாலும் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறையவில்லை; தப்புக்கு உதாரணமாகக் காட்டினார்கள். "திட்றவனும் அந்த எண்ணிக்கையிலதாம்மா வருவான்" என்று அவர் ஒருமுறை மகளிடம் சொல்லிச் சிரித்தார். மங்கை சிரிக்கவில்லை.

வெளியே பந்தலில் மங்கையின் தம்பி பொன்னுசாமியின் குரல் கேட்டது. "உலகம் பூரா ஆயிரத்து நானூறு பேரு மாமா எழுதுனத எடுத்துக் காட்டியிருக்காங்க. லேசுப்பட்ட விஷயமா?"

சுந்தரமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். மோனிகா அவரைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய் டீ கொடுத்தாள்.

"அம்மா பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க சார்."

"அவங்க கோபம் நியாயம்தானே." அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "சாரை நான் நேர்ல பார்த்ததே இல்ல. இன்னிக்குத்தான்."

"நைனாவயா? ஒரே ஊர்லதானே இருந்தீங்க?"

"கூச்சம். நான் எழுதின கட்டுரையை வெளியிடறதுக்கு முன்னாடி சாருக்கு அனுப்பினேன். திட்டித்தான் பதில் வரும்னு நெனச்சேன். மறுநாளே எழுதினார். 'நீங்க சொல்றது சரி. என் கட்டுரையில ரெண்டு பக்கம் தள்ளி இன்னொரு தப்பும் இருக்கு, அதையும் சேர்த்துக்குங்க'ன்னு. நான் பார்க்காத தப்பு அது. அதுதான் பெரிய தப்பும்கூட. உங்க பேரையும் போட்டுடறேன் சார்னேன். வேணாம்னுட்டார்."

மோனிகா ஆறிப்போன டீயை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"எப்ப சார் பதில் போட்டாரு?"

"போகிக்கு முதல் நாள்."

அவள் உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் குந்தி, காதோடு சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மங்கை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகிக்கு மொத நாளா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கிதான் என்னக் கோயம்பேடு இட்னு போயி கரும்பு வாங்கினாரு. வழி பூரா சிரிச்சிக்கினே வந்தாரு. இன்னான்னு கேட்டா சொல்லல."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பாடைக்குத் தோள் கொடுக்க பொன்னுசாமி சொந்தக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மங்கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவரையும் ஒரு பக்கம் புடிக்கச் சொல்லு."

"யாரக்கா?"

மங்கை பேரைச் சொல்லவில்லை. கையை நீட்டிக் காட்டினாள். சுந்தரமூர்த்தி வந்து பின்பக்கம் தோள் கொடுத்தார். மற்றவர்களைவிடக் குள்ளமாக இருந்ததால் எக்கி எக்கி நடந்தார்.

தெருமுனை வரை போன பெண்கள் திரும்பி வந்தார்கள். காலிப் பெட்டியை வாடகைக்குத் தந்தவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மோனிகா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கூடத்தைக் கழுவ, அது வாசல் பக்கம் ஓடியது. படியோரத்தில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ கிடந்தது, சாக்ஸ் உள்ளே சுருட்டி வைத்தபடி.

சுவரோரம் சாய்ந்திருந்த மங்கை எழுந்து போனாள். தண்ணீர் வருவதற்குள் இரண்டையும் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.